சுக்குவின் முதுகும் விஷுப் பட்டாசும்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் வீடு இருக்கிறது. நான் தமிழ்வழிப் பள்ளியொன்றில் ஆசிரியை. வீட்டில் அம்மா, தம்பி, நான், இவர்களோடு சுக்கு என்னும் ஐந்து வயது நாய், குட்டைக் கால் டாஷ்ஹண்ட் இனம். குட்டியாக வந்தபோது நிறத்திலும் வளைவிலும் காய்ந்த இஞ்சித் துண்டைப் போலவே இருந்ததால் அம்மா வைத்த பெயர் அது. சென்ற ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில், முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி அடைத்த வாரத்தில், சுக்கு திண்ணையில் ஏறாமல் கீழேயே நின்றான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் முதுகைக் கூன் போட்டுக்கொண்டு நடுங்கினான். தூக்கப் போனபோது, வாழ்நாளில் முதல்முறையாக, என்னைப் பார்த்து வீறிட்டான். வயிற்றைத் தொட்டால் பலகைபோல் இறுகியிருந்தது. வயிற்றுவலி என்று முடிவு செய்து அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். முதுகு வலிக்கும் நாய் தன் வயிற்றுத் தசைகளை இறுக்கி முதுகை அசையாமல் பிடித்துக்கொள்ளும் என்பதும், அதைப் பலரும் வயிற்றுவலி என்றே தவறாக எண்ணுகிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

அடுத்த மூன்று நாள்களில் நடந்தவற்றில் என் பிழையும் உண்டு. முதலில் சென்ற தனியார் மருத்துவமனையில் ஊசி ஒன்று போட்டார்கள். அது ஸ்டீராய்டு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குணம் தெரியாததால் மறுநாள் வேறோர் இடத்துக்குப் போனோம். அங்கே வலி மாத்திரை தந்தார்கள். முந்தைய நாள் ஊசி போட்ட விவரத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சீட்டு வீட்டிலேயே கிடந்தது. ஸ்டீராய்டும் வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரையும் ஒன்றின்மேல் ஒன்றாக உடலுக்குள் போனால் இரைப்பையும் குடலும் புண்ணாகும். ஏப்ரல் ஐந்தாம் தேதி காலையில் சுக்குவின் மலம் தார்போல் கறுத்திருந்தது. மனிதர்களுக்கான இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்ன நல்ல உள்ளங்களும் தெருவில் இருந்தார்கள். அவை நாய்க்கு அதைவிடக் கொடியவை. அந்தத் தவறையாவது நான் செய்யவில்லை.

அன்றுதான் எங்கள் பகுதி மிருகாசுபத்திரிக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் மலையாளி. மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரியில் படித்தவர். அவர் ஊசியை எடுக்கவில்லை. சுக்குவைத் தரையில் நிற்கவைத்து, பின்னங்காலின் பாதத்தை மெல்ல மடக்கி, மேற்புறம் தரையில் படும்படி வைத்துவிட்டுக் காத்திருந்தார். நலமான நாய் அடுத்த நொடியே பாதத்தைத் திருப்பிக்கொள்ளும். சுக்குவின் வலது கால் உடனே திரும்பியது; இடது கால், மடக்கிய நிலையிலேயே, யாருடையதோ போலக் கிடந்தது. பிறகு முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திக்கொண்டே வந்து, கடைசி விலா எலும்பு முடியும் இடத்தில் அவன் உடல் வெடுக்கென்று துள்ளியதும் நிறுத்தினார். “வேதன இவிடெயாணு, டீச்சர்” என்றார். மலையாளத்தில் ‘வேதன’ என்பது உடல்வலி. தமிழில் அதே சொல் மனத்துக்குள் போய்விட்டது. அன்று எங்கள் இருவருக்கும் அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

நோயின் இயல்பைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு நுங்கைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. முதுகின் ஒவ்வொரு இரண்டு முள்ளெலும்புகளுக்கும் இடையே ஜவ்வு ஒன்று இருக்கிறது. டிஸ்க் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வெளியே நார்ப்பட்டை, உள்ளே இளநுங்குபோல் நீர் கோத்த கூழ். நாய் குதிக்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தக் கூழ்தான். மற்ற நாய்களுக்கு அது வயதான பிறகு மெல்ல வற்றும். டாஷ்ஹண்டுக்கோ பிறந்து ஓராண்டுக்குள்ளேயே நுங்கு கடுக்காயாகிவிடுகிறது. உள்ளே சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. அப்படிக் கெட்டிப்பட்ட பொருள், ஏதோ ஒரு நாள், நார்ப்பட்டையைக் கிழித்துக்கொண்டு மேல்நோக்கிப் பீறிட்டு, அங்கே ஓடும் தண்டுவடத்தை நசுக்குகிறது. 1952இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஹான்சன் இந்த வகையை முதல் வகை என்றும், வயதான நாய்களுக்கு மெல்லப் பிதுங்குவதை இரண்டாம் வகை என்றும் பிரித்தார். அந்தப் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. ஆகவே, ஒரு குதியினால் ஜவ்வு கெட்டது என்று சொல்வது சரியன்று. முன்பே கெட்டிருந்த ஜவ்வுக்கு அந்தக் குதி ஒரு சாக்கு, அவ்வளவுதான். மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் இது வெளிப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து டாஷ்ஹண்டுகளில் ஒன்றுக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தத் தொல்லை வருகிறது.

இதன் வேர் அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. எஃப்.ஜி.எஃப்.4 என்னும் மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று நாய்களின் 18ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டதே குட்டைக் கால்களுக்குக் காரணம் என்று 2009இல் கண்டறிந்தார்கள். 12ஆம் குரோமோசோமில் உள்ள இன்னொரு நகல் ஜவ்வைக் கெடுக்கிறது என்பது 2017இல் தெரியவந்தது. வளைக்கரடியை அதன் வளைக்குள் புகுந்து துரத்துவதற்காக ஜெர்மானியர்கள் வளர்த்தெடுத்த உடல் இது. கொழிஞ்சாம்பாறையில் வளைக்கரடி ஏது? எங்கள் தென்னந்தோப்பில் அவன் துரத்தியதெல்லாம் ஓணான்கள்தாம்.

மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து, நரம்பு வலிக்குக் கேபாபென்டின், இவற்றின் கீழே பெரிய எழுத்தில் ஒரே ஒரு மலையாளச் சொல்: அனங்ஙருது. அசையக் கூடாது. எக்ஸ்ரேயில் எலும்புகளும், சுண்ணாம்பு படிந்த ஓரிரண்டு ஜவ்வுகளும், ஓரிடத்தில் குறுகிப்போன இடைவெளியும் தெரிந்தன. தண்டுவடம் அதில் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும் என்றார். ஆனால் நடக்க முடிகிற நாய்க்கு முதல் மருந்து கூண்டுதான் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. கிழிந்த நார்ப்பட்டை ஆறவும் வீக்கம் வடியவும் குறைந்தது நான்கு வாரங்கள் ஆகும். 2022இல் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையும் அதே நான்கு வாரங்களைத்தான் சொல்கிறது, ஸ்டீராய்டையும் அது பரிந்துரைக்கவில்லை. ஆறு வாரங்கள் வைத்தால் நல்லது என்பது எங்கள் மருத்துவரின் கணக்கு.

அம்மா முதலில் கொண்டுவந்தது ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் கொடாப்பு. அதற்குள் அவன் நிமிர்ந்து நிற்க முடியாது என்பதால், முதலமடை மாங்காய் மண்டியிலிருந்து தம்பி வாங்கி வந்த பெட்டிப் பலகைகளைக் கொண்டு, அவன் நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு ஒரு கூண்டு அடித்தோம். அதைவிடப் பெரிதாக இருந்தால் நடப்பான், நடந்தால் ஓடுவான். எங்கள் வீட்டுத் தரை அப்பா காலத்துச் சிவப்புக் காவித் தரை, முகம் பார்க்கலாம் போல மெருகேறியது. அதில் வழுக்கிக் கால் விரிவது முதுகுக்குக் குதிப்பதைவிடக் குறைந்த கேடன்று என்பதால், கூண்டிலிருந்து வாசல்வரை கயிற்றுப்பாய் விரித்தோம். ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டு வெயில் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரப்பெட்டிக்குள் அடைபட்ட நாய் மூச்சிரைத்தே சோர்ந்துவிடும். ஈரச் சாக்கைக் கூண்டின் மேல் போட்டு, எதிரே மின்விசிறியை வைத்தோம்.

மருந்து வேலை செய்யத் தொடங்கிய நான்காம் நாளிலிருந்துதான் உண்மையான சோதனை. வலி போய்விட்டது, முதுகு ஆறவில்லை. ஆனால் நாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது, பார்க்கும் மனிதருக்கும் மறந்துவிடுகிறது. கூண்டுப் பலகையை நக்குவான், முனகுவான், நள்ளிரவில் ஒரே சுரத்தில் அழுவான். “சீவனைப் பூட்டி வெச்சுப் பாவம் கட்டிக்காதே அம்மிணி” என்று அம்மா நாளுக்கு ஒருமுறை சொன்னார். பக்கத்து வீட்டுச் சேச்சி கொட்டஞ்சுக்காதித் தைலம் கொண்டுவந்து, மூன்று நாள் உழிச்சல் போட்டால் எழுந்து ஓடுவான் என்றார். சுக்குவுக்குச் சுக்காதி என்று தம்பி சிரித்தான். நல்ல தைலம்தான், அம்மாவின் இடுப்புக்கு அதைத்தான் தேய்க்கிறோம். ஆனால் பிதுங்கி நிற்கும் ஜவ்வின்மேல் அழுத்தித் தேய்ப்பது கூடாது, நாய் எண்ணெயை நக்கியும் விடும்.

கேரளத்து விஷுப் பண்டிகையும் தமிழரின் சித்திரை முதல் நாளும் எங்கள் வீட்டில் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். கண்விழித்ததும் காணும் மங்கலப் பொருள்களின் கணியும் உண்டு, வேப்பம்பூப் பச்சடியும் உண்டு. முந்தைய இரவிலேயே பட்டாசு தொடங்கிவிடும். விடியற்காலையில் கணி காணும் நேரத்தில் தெரு முழுவதும் ஒன்றாக வெடித்தபோது, சுக்கு கூண்டின் மூலையில் உடலை ஒடுக்கிக்கொண்டு கதறினான். நான் குளிக்கப் போயிருந்தேன். அம்மா பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்து, அவனைத் தூக்கிக் கட்டிலில் தன்னருகே கிடத்திக்கொண்டார். அடுத்த சரவெடிக்கு அவன் கட்டிலிலிருந்து குதித்தான். நான் வந்து பார்த்தபோது முன்னங்கால்களால் தரையை இழுத்துக்கொண்டு, பின்னுடல் ஈரத்துணிபோல் பின்னால் வர, கூண்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தான். அம்மா ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். நானும் அவரை எதுவும் கேட்கவில்லை. கூண்டுக்கு ஒரு பூட்டு வாங்கியிருக்க வேண்டியவள் நான்.

பண்டிகை நாளென்றும் பாராமல் மருத்துவர் வந்தார். பின்னங்கால் விரலிடுக்கை இடுக்கியால் அழுத்தினார். சுக்கு காலை இழுத்துக்கொண்டதும் நான் மகிழ்ந்துபோனேன். அவரோ காலைப் பார்க்கவே இல்லை; முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை இழுப்பது அனிச்சைச் செயல்; தண்டுவடம் முழுதும் அறுந்துபோனாலும் கால் தானாக இழுபடும், ஏனென்றால் அந்தக் கட்டளை மூளையிலிருந்து வருவதன்று. வலியின் செய்தி நசுங்கிய இடத்தைத் தாண்டி மூளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்குச் சான்று, நாய் திரும்பிப் பார்ப்பதோ கத்துவதோ கடிக்க வருவதோதான். இதை ஆழ்வலி உணர்வு என்கிறார்கள். இரண்டாம் முறை எலும்பில் படும்படி அழுத்தியபோது சுக்கு தலையைத் திருப்பி மருத்துவரின் கையைக் கவ்வப் போனான். நாய் கடிக்க வந்ததற்காக ஒரு மருத்துவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த உணர்வு இருக்கும்வரை, அறுவைச் சிகிச்சை செய்தால் ஏறத்தாழ பத்தில் ஒன்பது நாய்கள் நடக்கின்றன. அது போய்விட்டால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் பாதிக்குச் சற்று மேல்தான். கால்கள் முழுதும் செயலிழந்து, ஆழ்வலி மட்டும் எஞ்சியிருக்கும் நாய்களில்கூட, கூண்டு ஓய்வினால் மட்டும் ஏறத்தாழ பத்தில் ஆறு எழுந்துவிடுகின்றன. சுக்குவால் நிற்க முடியவில்லை என்றாலும், இடுப்பைத் தாங்கிப் பிடித்தால் வலது கால் காற்றில் சற்றே உதைத்தது. எல்லை தாண்டிக் கோவைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்து, முள்ளெலும்பின் பக்கவாட்டில் சன்னல்போல் வெட்டி, பிதுங்கிய பொருளைச் சுரண்டி எடுக்கலாம். அல்லது நாள்தோறும் சோதித்துக்கொண்டு காத்திருக்கலாம், கால் அசைவு நின்றுவிட்டால் அன்றைக்கே கிளம்பலாம் என்றார். நாங்கள் காத்திருந்தோம். இதை வீரமாகவோ விவேகமாகவோ சொல்லவில்லை. கையில் பணம் இல்லை என்பதும் அந்த முடிவுக்குள் இருந்தது. பணம் இருந்திருந்தால் அன்று மாலையே வேலந்தாவளம் சோதனைச்சாவடியைக் கடந்திருப்பேன். இதைப் படித்துவிட்டு, கால் விழுந்த நாயைக் கூண்டில் போட்டு யாரும் காத்திருந்துவிட வேண்டாம்; அந்த இடுக்கிச் சோதனையை ஒரு மருத்துவர் செய்து பார்த்த பிறகே காத்திருக்கலாமா என்ற கேள்வி எழ வேண்டும்.

அடுத்த ஆறு நாள்கள் கால்களைப் பற்றியவை அல்ல, மூத்திரத்தைப் பற்றியவை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் நாள் மாலையில் விரிப்பு நனைந்திருந்ததைப் பார்த்து, தானாகப் போகிறான் என்று நிம்மதியடைந்தேன். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையையும் அங்கே வைத்தார்: சிறுநீர்ப்பை சாத்துக்குடி அளவில் உருண்டையாக, விம்மி நின்றது. நிரம்பிய குடம் வழிவதுபோல் வழிந்ததுதான் அந்த ஈரம். அப்படியே விட்டால் பையின் தசை இழுபட்டுக் கெட்டுவிடும், தேங்கிய நீரில் கிருமி சேரும். ஆகவே காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு பத்து என்று நாளுக்கு நான்கு முறை, அவனைத் தொடைகளுக்கு நடுவே நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு, இரு உள்ளங்கைகளையும் தொடைக்கு முன்னால் வயிற்றின் இருபுறமும் வைத்து, விரல்நுனி படாமல், மெதுவாகச் சேர்த்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டுப் பிசைந்தால் வயிறு இறுகிக்கொள்ளும். அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே வைத்திருந்தால், சிறிது நேரத்தில் உள்ளே ஏதோ இளகுவது கைக்குத் தெரியும். பிறகு தாரையாக வரும். முதல் நாள் எனக்கு வரவில்லை. பால் கறந்து பழகிய அம்மாவின் கைக்கு இரண்டாம் முயற்சியிலேயே வந்துவிட்டது. விஷு நாளுக்குப் பிறகு அம்மா அவனருகே போகவே தயங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நிறம் கலங்கியிருக்கிறதா, நாற்றம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, என் பழைய மதிப்பெண் பதிவேட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தோம். ஐந்தாம் நாள் கலங்கலாக இருந்ததைக் கொண்டு தொற்றைத் தொடக்கத்திலேயே பிடிக்க முடிந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் போட்டோம், இடுப்பு எலும்பு அழுந்திப் புண்ணாகாமல் இருக்க. நனைந்த மயிரைக் கழுவித் துடைத்து உலர்த்தினோம். இவற்றைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை. செய்துகொண்டே இருக்க வேண்டும்.

நரம்பு எந்த வரிசையில் இழக்கிறதோ அதற்குத் தலைகீழான வரிசையில்தான் திரும்பப் பெறுகிறது. பாதம் இருக்கும் நிலையை அறிவது முதலில் போகும், பின் அசைவு போகும், கடைசியில்தான் வலி. வரும்போது வலியும் அசைவும் முதலில், பாதத்தின் நினைவு கடைசியில். ஏப்ரல் 20ஆம் தேதி அம்மா கைவைக்கும் முன்பே தானாகச் சிறுநீர் கழித்தான். 23ஆம் தேதி, தம்பி வேலைவிட்டு வந்து வண்டியை நிறுத்திய ஓசைக்கு வாலை இரண்டு முறை ஆட்டினான். எதிர்பார்ப்பினால் எழும் வாலாட்டல் மூளையிலிருந்து புறப்பட்டு முதுகு முழுதும் கடந்து வருவது. அதனால்தான் மருத்துவரிடம் அதைச் சொன்னபோது, யார் வந்ததற்கு ஆட்டினான், யாராவது அப்போது அவனைத் தொட்டார்களா என்றெல்லாம் காவலர்போல் விசாரித்தார்.

மே மாதத் தொடக்கத்தில் அவர் அனுமதித்த பிறகே பயிற்சி ஆரம்பமானது. படுத்த நிலையில் ஒவ்வொரு பின்னங்காலையும் மிதிவண்டி ஓட்டுவதுபோல் மெதுவாக மடக்கி நீட்டுவது, விரலிடுக்குகளைக் கூசவைப்பது, பிறகு அப்பாவின் பழைய வேட்டியை நான்காக மடித்து அடிவயிற்றின் கீழ் கொடுத்துத் தூக்கிப்பிடித்து, கயிற்றுப்பாயின்மேல் ஐந்து நிமிடம் நிற்கவைப்பது. எடையை அவன்மேல் விட வேண்டும், ஆனால் விழவிடக் கூடாது. முன்னால் அவன், பின்னால் வேட்டியின் இரு முனைகளையும் பிடித்துக் குனிந்தபடி நான். கல்பாத்தித் தேரைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளும் யானையின் நினைவுதான் வரும்; தேர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப யானையும் தலையை மாற்றிக்கொள்ள வேண்டும். மே 11ஆம் தேதி வேட்டி கையில் தளர்ந்தது. அவன் தானே நான்கு அடி வைத்து, ஐந்தாம் அடியில் இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தான். எடையும் இதற்குள் ஒன்பது கிலோவிலிருந்து எட்டாகியிருந்தது; சோற்றைக் குறைத்து, வேகவைத்த கோழியும் பூசணியும் கொடுத்ததன் பயன். பார்க்க மெலிந்துவிட்டான் என்று எல்லோரும் வருந்தினார்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் சரியான எடை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது சுக்கு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தான். இடது பின்னங்கால் மட்டும் இன்றும் சில நேரங்களில் மடங்கி உரசுகிறது; அந்தக் காலின் நடு நகங்கள் தேய்ந்திருக்கின்றன. கழுத்துப் பட்டையை நீக்கிவிட்டு மார்பைச் சுற்றும் பட்டை போட்டிருக்கிறோம். தூக்குவதானால் ஒரு கை மார்பின் கீழும் மறு கை இடுப்பின் கீழுமாக, முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி தூக்க வேண்டும் என்று வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறோம். குழந்தையைப்போல் கக்கத்தில் பிடித்து நெட்டாகத் தூக்குபவர்களிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிடுகிறேன். திண்ணைக்கு ஏற, தென்னம்பலகையில் கயிற்றுப்பாய் அறைந்து தம்பி ஒரு சரிவு செய்தான். சுக்கு அதில் ஏறுவதில்லை. அதன் அடியில் நின்று, யாராவது வந்து தூக்கும்வரை குரைக்கிறான்.

இந்த ஆண்டு விஷுவுக்கு முந்தைய மாலையே அம்மா கட்டிலை அறையிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார். சன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்தோம். விடியற்காலையில் முதல் சரவெடி கேட்டதும் சுக்கு அம்மாவின் முந்தானைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். அம்மா ஒரு கையை அவன் மார்பின் கீழும் மறு கையை இடுப்பின் கீழும் கொடுத்து, கண்ணைத் திறக்காமலே, கணி காணும் நேரம் வரும்வரை “அனங்ஙருது, அனங்ஙருது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.